முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு மேலே

நூலகத்தில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். எழுத்தாளர் பேச்சை இன்று கேட்டே தீருவதென்று, ஈரக் கையோடு என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசலுக்குப் போனேன்.

வாசகர் வட்டத் தலைவர் பரமேஸ்வரன் மறித்தார். "எழுத்தாளரோட புத்தகத்தை முழுக்கப் படிச்சவங்களுக்குத்தான் இடம். நீ படிச்சியாம்மா?"

"முப்பத்திரெண்டு பக்கம் படிச்சேங்கய்யா. அதுக்கு மேல ஓரம் வெட்டாம ஒட்டியே இருந்துச்சு. நூலகப் புத்தகத்துல கத்தி வைக்கப் பயந்து விட்டுட்டேன். அதே புத்தகம்தான் இப்ப உங்க கையில இருக்கு. மிச்சத்தை நீங்க எப்படிங்கய்யா படிச்சீங்க?"

கூடத்துக்குள் இருந்த எழுத்தாளர் வந்து அதை வாங்கிப் புரட்டினார். முப்பத்திரண்டுக்கு மேல் ஒரு தாளும் பிரியவில்லை. தலைவர் வாசலைவிட்டு விலகினார். எனக்குத்தான் வெட்கம் வந்து, குழாயடிக்கே ஓடிவந்துவிட்டேன். கடைசி டம்ளரைக் கவிழ்க்கும்போது எழுத்தாளரே கூப்பிட்டார்: "முன் வரிசையில இடம் போட்டாச்சு, வாங்கம்மா. நீங்க வந்தாதான் ஆரம்பிப்பேன்." நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.