நாற்பத்தெட்டு வரி அதிரசம்

வெள்ளாறு இரு கரையும் தொட்டு ஓடிய காலத்தில், மருதப்ப பூபதி என்றொரு ராஜா நாடாண்டார். நாட்டை ஆண்டது அவர். அவரை ஆண்டது அதிரசம். நாளொன்றுக்கு நாற்பது தின்பார். கால் வீங்கி, அவரை யானைமேல் ஏற்ற நாலு பேர் வேண்டியதாயிற்று. யானையும் முகம் சுளித்தது.

"இப்படியே போனால் அடுத்த பொங்கலுக்கு வேறு ராஜாதான்" என்று வைத்தியர் கைகழுவிவிட்டார்.

ஆஸ்தானப் புலவர் சிங்காரக் கவிராயருக்கு மந்திரி திருவேங்கடத்தைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, இதைக்கூடத் தீர்க்காத மந்திரிக்குப் பதவி எதற்கு?" என்று பற்றவைத்தார்.

ராஜாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. "திருவேங்கடம், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் தருகிறேன். அதற்குள் தீர்க்காவிட்டால் பதவி போகும். அதிரசத்தைத் தடுத்தாலோ தலை போகும்."

திருவேங்கடம் கைகூப்பினார்.

"தாராளமாகச் சாப்பிடுங்கள், மகாராஜா. மன்னர் எதை வாயில் வைத்தாலும் முன்னதாக மெய்க்கீர்த்தி பாடுவது நம் பழைய வழக்கம். அதை மட்டும் மறுபடி தொடங்குவோம். ஒவ்வோர் அதிரசத்துக்கும் ஒருமுறை. இன்று ஒரு வரி, நாளை இரண்டு, அப்படியே தினம் ஒன்று கூடட்டும். கவிராயரை விட்டால் பாட யார்?"

தம் புகழ் கேட்க ராஜாவுக்குக் கசக்குமா? கவிராயருக்கோ தலைகால் புரியவில்லை.

முதல் வாரம் ஒன்றும் குறையவில்லை. திருவேங்கடம் தினமும் ராஜாவின் இலையை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பத்தாம் நாள் ராஜா முப்பதோடு எழுந்தார். இருபதாம் நாள், பாட்டு முடிவதற்குள் நாக்கின் ஊறல் அடங்கிப்போய்ப் பன்னிரண்டோடு கை கழுவினார். பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை, புகழ்ச்சியாயிற்றே! கவிராயர் மிளகுக் கஷாயம் குடித்துக் குடித்துப் பாடினார்.

நாற்பத்தெட்டாம் நாள், ராஜா ஒன்றைத் தின்றார். இரண்டாவதற்குக் கவிராயர் வாயைத் திறந்ததும், "போதுமய்யா" என்று இலையை மூடினார். தாமே யானைமேல் ஏறினார்.

மறுநாள் சபையில் கவிராயர் குதித்தார். "மந்திரி ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை, மகாராஜா! தொண்டை வற்றப் பாடியது அடியேன்!"

"உண்மைதான்" என்றார் திருவேங்கடம். "அவர் பாட்டைக் கேட்டால் எந்த ஆசையும் ஓடிவிடும்."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

"கவிராயரே, உமக்கும் பரிசு உண்டு. மடைப்பள்ளியில் நாற்பது அதிரசம் இருக்கிறது. இங்கேயே சாப்பிடும். வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாற்பத்தெட்டு வரியும்."

அதிரசத் தட்டு வந்தது. கவிராயர் அதைப் பார்த்தார். "இன்று ஏகாதசி, மகாராஜா" என்றார்.

அன்று பஞ்சமி.