தாணுமாலயன் சாருக்கு வேகம் போதவில்லை

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தாணுமாலயன் கூப்பிட்டால், நாகர்கோவில் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் எடுத்துவிட்டு, ரிப்பேர் பார்க்கும் ஜாஸ்பினை அனுப்பினார். "இருக்கிறதிலேயே வேகமான ப்ராசசரை அவர் தலையில கட்டாம திரும்பி வராதே."

எட்டு அறை வீட்டில் அவர் ஒருவர்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சர்வீஸ்ல ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வரும். இப்ப ஒரு மாசமா ஒண்ணுகூட வந்து சேரல. ப்ராசசர் மந்தம்! புதுசுக்கு முப்பதாயிரம் ஆனாலும் தாரேன். ஆனா மெயில் உடனே வருமுன்னு இப்பவே நிரூபிக்கணும். முடியலைன்னா உன் வேலை போயிரும், பாத்துக்க."

"பழைய ப்ராசசரிலேயே காட்டுதேன் சார். உங்க மெயில் ஐடி சொல்லுங்க."

ஜாஸ்பின் தன் செல்போனில் ஒரு வரி எழுதி அனுப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"கம்ப்யூட்டர் வேகமாத்தான் இருக்கு சார். அனுப்பத்தான் ஆளில்லை."

அவர் மெயிலைத் திறந்தார். 'மத்தியானம் சாப்பிட்டீங்களா சார்?' என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் கிளம்பியதைக்கூடக் கவனிக்கவில்லை.

வியாபாரம் போன கோபத்தில் முதலாளி கத்திக்கொண்டிருந்தபோது, ஜாஸ்பினின் செல்போனுக்கு மெயில் வந்தது.

'பொருள்: மதிய உணவு – தொடர்பாக.
பார்வை: தங்கள் இன்றைய மின்னஞ்சல்.
இன்னும் இல்லை. தாங்கள் சாப்பிட்டீர்களா? உடன் பதில் அனுப்பவும்.'