நண்டு ஏன் மணல் உருட்டுகிறது

அந்தக் காலத்தில் நண்டு பேசும். பேசும் என்றால் கொஞ்ச நஞ்சமா! எதைக் கண்டாலும் "இது என்ன, அது ஏன்" என்று கேட்டு ஆளைப் பிடுங்கித் தின்றுவிடும்.

கடற்கரை ஊர் ஒன்றில் செலஸ்தீனாள் என்றொரு பெண் இருந்தாள். புயலில் சிக்கிய கணவன் உயிரோடு கரையேறினால் மாதாவுக்குப் படம் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். அவனும் வந்து சேர்ந்தான். களிமண்ணில் பெரிய தட்டு செய்து, சுட்டு, நீல முக்காட்டோடு மாதாவை அதில் வரைந்தாள். அன்று மாலை திருவிழாக் கொடியேற்றம். அதற்குள் நேர்ச்சையைச் செலுத்தியாக வேண்டும். சாயம் காயட்டும் என்று தட்டைக் குடிசைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

நண்டு வந்தது. "அக்கா, இது யாரு?"

"மாதா."

"இதுக்குள்ளயா இருக்காங்க?"

"ஆமா. போ, எனக்கு வேலை கிடக்கு."

அவள் அந்தப்பக்கம் திரும்பினாளோ இல்லையோ, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமென்று நண்டு தட்டுக்கு அடியில் மணலைப் பறித்தது. தட்டு சரிந்து, அம்மிக்கல்லில் விழுந்து சுக்குநூறானது.

"அடப் பாவி! என் நேர்ச்சையைக் கெடுத்துட்டியே!" தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் செலஸ்தீனாள். அழாமல் என்ன செய்வாள்? உடைந்த பொருளைக் கோயிலில் வைப்பது அந்த ஊரில் வழக்கமே இல்லை.

நண்டுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு சில்லாகத் தூக்கி ஈர மணலில் வைத்தது. அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "அக்கா, இது கண்ணா? இது முக்காடா?" முதலில் எரிந்து விழுந்தாள். பிறகு கோபம் மறந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். நடுவில் மாதாவின் முகம், சுற்றிலும் பூவாக விரிந்த சில்லுகள், இடையிடையே மினுங்கும் மணல்.

"இதென்னடா, முன்னைவிட நல்லா இருக்கே!" அவளுக்கே ஆச்சரியம்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தொம்மை வந்து பார்த்தார். "உடைஞ்சதை எப்படிம்மா கோயில்ல வைக்கிறது?"

"பீடத்துல நிக்கிற ஆண்டவர் கையில ஆணி அடிச்ச காயம் இருக்கே, ஐயா. அவரையும் இறக்கிடுவீங்களா?"

உபதேசியார் சில்லுகளைச் சுவரில் பதிக்கச் சுண்ணாம்பு குழைக்கத் தானே போனார். கொடி ஏறும்போது கோயில் சுவரில் மாதா இருந்தார்.

நண்டுக்கு ஆசை விடுமா? தானும் ஒன்று செய்ய வேண்டும். சில்லுக்கு எங்கே போவது? மணலை வாயில் போட்டு உருட்டி, உருண்டை உருண்டையாக வளையைச் சுற்றி அடுக்கியது. அலை வந்து அழித்துவிட்டுப் போனது. மறுபடியும் உருட்டியது.

அன்றைக்குப் பிடித்த வேலைதான், இன்றும் தண்ணீர் வடிந்ததும் தொடங்கிவிடுகிறது. என்ன செய்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. வாய் நிறைய மணல்.