குமிழன் தைத்துக்கொண்ட கண்

காட்டோரத்துக் குளம் ஒன்றில் குமிழன் என்ற தவளை இருந்தான். குரல் என்றால் அப்படியொரு குரல்! தொண்டையை உப்பவைத்து ஒரு சத்தம் போட்டானென்றால், அக்கரையில் மேயும் மான் தலை நிமிர்ந்து பார்க்கும். ஆனால் அந்தக் குரலைப் பற்றி அவனுக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை. எந்நேரமும் கண்ணைப் பற்றிய கவலைதான்.

எல்லாம் ஒரு கெண்டை மீன் செய்த வேலை. "ஏண்டா குமிழா, உன் கண்ணு ரெண்டும் தலைக்கு மேல ஏறி உக்காந்திருக்கே! கீழே இடம் கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அது போய்விட்டது. அதற்கென்ன! இவனுக்குத்தான் அன்றோடு தூக்கம் போயிற்று.

எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறத் தொடங்கியிருந்தன. இன்னும் நாலைந்து நாளில் முதல் மழை. மழை விழுந்ததும் ஆண் தவளைகள் கரையில் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்கள். பெண் தவளைகள் வந்து தங்களுக்குப் பிடித்த துணையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் எப்படிப் போய் உக்காருவேன்?" என்று புலம்பினான் குமிழன். "அந்தக் கெண்டைக்கு இருக்கிற மாதிரி நீளமா, மட்டமா ஒரு கண்ணு இருந்தா!"

கரையிலிருந்த அத்திமரத்தில் ஒரு தையல்சிட்டு குடியிருந்தாள். இலையோடு இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற குருவி. கிழிந்த முயல் காதை அவள் தைத்துவிட்டால், எங்கே கிழிந்தது என்று அந்த முயலுக்கே தெரியாது. குமிழன் நேராக அவளிடம் போனான்.

"அக்கா! கண்ணைச் சுத்தித் தொளதொளன்னு கிடக்குற தோலை இழுத்துத் தைச்சு விடுங்க. மீன் கண்ணு மாதிரி ஆயிடணும்!"

சிட்டு அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தவளைக் கண்ணு நான் தைச்சதே இல்லை தம்பி. இந்தத் தோல் எதுக்கு இவ்வளவு தளர்வா இருக்குன்னு எனக்குத் தெரியலை. இந்தக் கண்ணை வச்சு நீ என்னென்ன செய்றே?"

"பாக்குறேன். வேற என்ன செய்வாங்க?"

"கண்ணு காய்ஞ்சு எரியுமா? முன்னால எப்பவாவது அடிபட்டிருக்கா?"

போன கோடையில் ஒரு நண்டு அவன் இடது கண்ணைக் கிள்ளியிருந்தது. அன்றிலிருந்து வெயில் ஏறினால் அந்தக் கண் காய்ந்து எரியும். அதைச் சொன்னால் காரியம் கெட்டுவிடுமே என்று பயந்தான்.

"இல்லவே இல்லைக்கா!"

"சரி, மூணு நாள் தண்ணியில உன் நிழலைப் பார்த்துக்கிட்டே இரு. நீந்தும்போது, சாப்பிடும்போது கண்ணு என்ன செய்யுதுன்னு வந்து சொல்லு. அப்புறம் யோசிக்கலாம். தைச்சாலும் வீக்கம் வடியப் பத்து நாளாவது ஆகும். இந்த மழைக்கு நடக்காது."

குமிழனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியலை, தெரியலைன்னு சொல்ற வைத்தியர் எனக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே தாவித் தாவி இறங்கினான்.

மரத்தின் வேரிடுக்கில் ஒரு சிலந்தி வலை பின்னிக்கொண்டிருந்தது.

"வா தம்பி, வா! எனக்கு எட்டுக் கண்ணு! கண்ணைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"மழைக்கு முன்னாடி முடியுமா அண்ணே?"

"இப்பவே முடிச்சிடலாம்! அதோ பார், என்கிட்ட வந்தவங்க எல்லாரும் எப்படி நிம்மதியா ஓய்வெடுக்கிறாங்க! ஒருத்தர் வாயிலிருந்து ஒரு குறை வந்திருக்கா?"

வலையில் நூல் சுற்றிய ஈக்கள் வரிசையாகத் தொங்கின. அசைவே இல்லை. ஏன் அசையவில்லை என்று குமிழன் கேட்கவில்லை. கேட்டால் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுமோ என்ற கூச்சம்.

சிலந்தி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வலது கண்ணைச் சுற்றித் தோலை இறுக்கி இழுத்துத் தைத்தது. இடது கண்ணில் கொஞ்சம் தோலைக் கடித்தே எடுத்துவிட்டது. குமிழன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான் என்று சொல்லலாம், தவளைக்குக் கீழ்த்தாடையில் பல்லே இல்லாவிட்டாலும்.

தண்ணீரில் போய்ப் பார்த்தான். அடேயப்பா! இரண்டு கண்ணும் நீண்டு பளபளத்தன! கெண்டை மீனே வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டது.

அந்தச் சந்தோஷம் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். ஒரு கொசு பறந்து வந்தது. நாக்கை நீட்டிப் பிடித்தான். கொசு வாய்க்குள் வந்தது. உள்ளே இறங்கவில்லை! முக்கினான், தலையை ஆட்டினான். அது நாக்கிலேயே கிடந்தது. கடைசியில் துப்பினான். கண்ணை மூடவும் முடியவில்லை. வெயில் ஊசியாய்க் குத்தியது.

இரண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் பக்கத்து இலையில் ஒரு பெண் தவளை மண்புழு தின்றுகொண்டிருந்தாள். குமிழன் ஏக்கத்தோடு பார்த்தான். பார்த்தவன் அப்படியே உறைந்து போனான்.

ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் அவளுடைய இரண்டு கண்களும் தலைக்குள் அமிழ்ந்தன. உள்ளே போய்ப் புழுவைத் தொண்டைக்குள் தள்ளின. மறுபடி மேலே வந்து, ஒன்றுமே நடக்காதது போல் உலகத்தைப் பார்த்தன.

"கண்ணா சோறு ஊட்டுது!" குமிழனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறந்ததிலிருந்து இந்தக் கண்கள் தனக்கு ஊட்டிக்கொண்டிருந்தனவா? ஒரு நாள்கூடத் தான் கவனிக்கவில்லையே!

தள்ளாடித் தள்ளாடிச் சிட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான், நண்டு கிள்ளியது உட்பட. அவள் திட்டவில்லை. அலகால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். பிறகு ஒரு கொசுவைப் பிடித்து வந்து முன்னால் வைத்தாள்.

"எங்கே, சாப்பிடு."

வலது கண் மெல்ல உள்ளே அமிழ்ந்தது. கொசு இறங்கியது. கண் மேலே வந்தது. சிட்டு சிறகைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ தைச்சிருக்கேன் தம்பி," என்றாள் மெதுவாக. "இப்படியொரு அதிசயத்தைப் பார்த்ததே இல்லை!"

"இடது கண்ணு?"

"தைச்சதைப் பிரிச்சிட்டேன். கடிச்சு எடுத்ததை எங்கிருந்து கொண்டு வர? நண்டு கிள்ளின காயம் வேற. அது இனிமே பாதிதான் இறங்கும்."

மறுநாள் மழை வந்தது. குமிழன் வரிசையில் உட்கார்ந்து பாடினான். பட்டினி கிடந்த தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. பெண் தவளைகள் கொட்டுகிற மழையில் குரலை மட்டும் கேட்டு நடந்தார்கள். ஒருத்தியும் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள்.

மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. குமிழன் ஒன்றைப் பிடித்தான். ஒரு கண் முழுதாகவும் ஒரு கண் பாதியாகவும் அமிழ்ந்து, பாடுபட்டு அதை உள்ளே தள்ளின. அவன் அழுதுகொண்டே அடுத்த ஈசலைப் பிடித்தான்.

அழகுக்காகக் கண்ணில் கை வைக்குமுன் அந்தக் கண் நமக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றுமே கேட்காமல் ஊசி எடுக்கிறவரிடம் கண்ணைக் கொடுக்கவே கூடாது.