பதினொன்றாவது ஆள்

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் பிரிஸ்கா மூன்று வருடமாக மாற்று ஆட்டக்காரி. ஒருநாளும் அவளைக் களத்தில் இறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கால்கள் ஏங்கிப்போயின. படிப்பு முடிகிறது, இன்று கடைசி ஆட்டம்.

பயிற்சியாளர் தேவவரம் பலகையில் வியூகம் வரைந்துவிட்டு மார்தட்டினார். "என் திட்டத்துக்குப் பத்துப் பேரே போதும். பதினொன்றாவது ஆள் சும்மா ஒப்புக்குத்தான்!"

பிரிஸ்கா எழுந்தாள். "அந்த ஒப்புக்கு நான் நிக்கட்டுமா சார்?"

"நீயா? தோத்துட்டா?"

"அப்போ பத்துப் பேர் போதாதா சார்?"

அணியே சிரித்தது. அவரால் மறுக்க முடியவில்லை.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவள் பிரிஸ்கா. கடைசி விசில் ஒலித்து எல்லோரும் கிளம்பிய பிறகும், வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே வர மனமில்லாமல் அவள் மைதானத்துக்குள்ளேயே நின்றாள்.