மேல்பக்கம் துடைக்காத ஃபேன்

ஒரு ஊர்ல ஒரு ஃபேன் இருந்துச்சாம். ராஜா, ராணி எல்லாம் கிடையாது, ஃபேன்தான். பிடிக்கலைன்னா இப்பவே தூங்கு. ம் கொட்டுறியா? சரி.

அந்த ஃபேனுக்குக் கீழ தணிகைன்னு ஒருத்தன் படுத்திருந்தான். அரக்கோணத்துல வாடகைக்கு மாடி வீடு. பொண்டாட்டி வசுமதி வளைகாப்பு முடிஞ்சு செய்யாறுக்கு அம்மா வீட்டுக்குப் போனவ, பிள்ளைக்கு அஞ்சாம் மாசம் பொறந்ததும்தான் திரும்பி வரா. நடுவுல ஏழு மாசம். அந்த ஏழு மாசத்துல அய்யா சுத்தம் பண்ணது அவர் சாப்பிட்ட தட்டு மட்டும்தான். அதுவும் தினமும் இல்ல.

அப்போ வசுமதி போன் பண்ணா. பாப்பாவுக்கு மூச்சு இரைக்குது, தூசியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், வீட்ல தூசி இருந்தா அடுத்த பஸ்லயே திரும்பிடுவேன், ஒரு வயசு ஆனப்புறம் பாக்கலாம்னா. தணிகை பிள்ளையைத் தூக்குனதே மொத்தம் நாலு தடவை. நாலாவது தடவை அது அவன் சட்டைப் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லையாம். அதான் பயந்துட்டான்.

அப்புறம் அவங்க வர்ற அன்னைக்குக் காலைல எந்திரிச்சு முதல்ல தரையைத் துடைச்சான். ஃபேனை அப்புறம் பாத்துக்கலாமாம். அறிவாளி.

ஒட்டடைக் குச்சியால ஃபேனை ஒரு தட்டு தட்டினான். தொப்னு ஒரு கொத்து தூசி வாய்க்குள்ளயே விழுந்துச்சு, அண்ணாந்து வாயைத் திறந்துக்கிட்டுல்ல நின்னான். லொக்கு லொக்கு. மறுபடி தரையைத் துடைச்சான்.

அப்புறம் லைட்டோட கண்ணாடி மூடியைத் திருகினான். சரசரன்னு செத்த ஈசலெல்லாம் தலையில அபிஷேகம். மறுபடி தரை.

மூணாவதா, கட்டில் மேல ஸ்டூலைப் போட்டு, கிடுகிடுன்னு ஆடிக்கிட்டே மூணு றெக்கையையும் ஈரத்துணியால துடைச்சான். அடிப்பக்கம் மட்டும். மேல்பக்கத்தை யாரு ஏறிப் பாக்கப் போறான்னு இறங்கிட்டான். அப்புறம் கட்டில்ல படுத்து நிமிர்ந்து பாத்தா பளபளன்னு இருக்கு. படுத்துக்கிட்டே அவனே அவனுக்குக் குடுத்த சர்ட்டிபிகேட்.

ம் காணோமே? இருக்கியா? சரி.

அப்போ வசுமதியும் அவ அம்மாவும் பிள்ளையோட வந்துட்டாங்க. சரியான வேர்வை. பிள்ளையைக் கட்டில்ல போட்டுட்டு, மாப்ள, ஃபேனைப் போடுங்கன்னாங்க மாமியார். சுவிட்ச் கிட்ட கை போனப்போதான் தணிகைக்கு மேல்பக்கம் ஞாபகம் வந்துச்சு. ஓரத்துல ஒட்டியிருந்ததையெல்லாம் ஈரத்துணி வேற கிளப்பி விட்டிருக்கு. சுத்தினா மொத்தமும் பிள்ளை மேலதான்.

கரண்ட் இல்லன்னான். ஃபிரிட்ஜ் உர்ர்ருன்னு ஓடுது. அப்புறம் ஃபேன் ரிப்பேர்னான். நேத்து வீடியோ கால்ல உங்க தலைக்கு மேல சுத்திச்சேன்னா வசுமதி. அப்புறம் பச்சப்பிள்ளைக்கு ஃபேன் காத்து ஆகாதுன்னு பெரிய டாக்டர் மாதிரி ஆரம்பிச்சான். மாமியார் எந்திரிச்சுத் தானே சுவிட்ச் பக்கம் போயிட்டாங்க.

தணிகை ஓடிப்போய் உள்ளங்கையால சுவிட்சை மூடிக்கிட்டான்.

"போடாதீங்கத்தை. மேல்பக்கம் துடைக்கல."

வசுமதி பிள்ளையைத் தூக்கினா. பையையும் தூக்கினா. செய்யாறு பஸ் எத்தனை மணிக்கும்மான்னா. நாலரைக்காம். அப்போ மணி மூணே முக்கால்.

வாசல்ல நின்னு திரும்பினா. "பழைய தலகாணி உறையை றெக்கையில மாட்டி இழுங்க, தூசி அதுக்குள்ளயே விழும். கீழ் வீட்ல இருக்கேன். நாலேகாலுக்கு வருவேன்."

மாட்டினான். சர்ர்ருக். ஏழு மாசத் தூசி, அதை வச்சு ஒரு பூனைக்குட்டியே செய்யலாம். ரெண்டாவது, சர்ர்ருக். மூணாவது, சர்ர்ருக். அப்புறம் ஈரத்துணி, மேல கீழ ரெண்டு பக்கமும். தரை கடைசியில. அப்பாடா, புத்தி வந்துச்சு.

நாலேகாலுக்கு வசுமதி தனியா ஏறி வந்தா. புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு ஸ்டூல்ல ஏறி, ஒவ்வொரு றெக்கை மேலயும் விரலை ஓட்டினா. மூணாவதுல விரல் நின்னுச்சு. கீழ ஒருத்தனுக்கு மூச்சே நின்னுச்சு. விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

அப்புறம் அவன் தோளைப் பிடிச்சு இறங்கி, ஃபேனைப் போட்டா. கடக், கடக், விர்ர்ர். ஒரு தூசி கூட விழல.

"அம்மாவை மட்டும் அந்த பஸ்ல ஏத்திவிட்டுட்டு, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

அவ்ளோதான். பஸ்ஸும் போயிருச்சு, கதையும் போயிருச்சு. நீ மட்டும் ஏன் முழிச்சுக்கிட்டு இருக்க? கண்ணை மூடு.