நாய்க்குட்டி என்று பெயர் வைக்கலாமா

கலீபாக்கள் ஆண்ட காலம். கூஃபா நகரத்தில் தமீம் என்பவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு மகன் பிறந்திருந்தான். மறுநாள் ஏழாம் நாள். தலைமுடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டும். தமீமோ தன் ஆசான் அபூ ரபாஹ் முன்னால் போய் உட்கார்ந்தான். அரபுப் பெயர்களுக்குப் பொருள் சொல்ல அந்த ஊரில் அவரை விட்டால் ஆளில்லை.

மூத்த பிள்ளைக்குக் காலித் என்று வைத்திருந்தான். நிலைத்திருப்பவன் என்று பொருள். ஒன்பது மாதம்தான் உயிரோடு இருந்தது. அடுத்தவனுக்கு யஹ்யா, வாழ்கிறவன். பல் முளைக்குமுன் போய்விட்டான்.

இந்த முறை மனைவி லுபாபா பிடித்த பிடியில் நின்றாள். நல்ல பெயர் காதில் விழுந்தால் சாவுக்கு ஆசை வருமாம். குலைப் என்று வை என்றாள். குலைப் என்றால் நாய்க்குட்டி.

"பெயருக்குப் பொருள் படிக்கிறவன் வீட்டில் நாய்க்குட்டியா என்று ஊர் சிரிக்கும், ஆசானே."

"சிரிக்கட்டும். ஊருக்குப் பயந்தா இங்கே வந்தாய்?"

தமீம் தலைகுனிந்தான். நல்ல பெயர் வைத்து இதையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் லுபாபா முகத்தில் எப்படி விழிப்பது என்றான். பிறகு மெல்ல, "பெற்றவனே நாய் என்று கூப்பிட்டால் பிள்ளை மனசு என்ன பாடுபடும்?" என்றான். அதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

ஆசான் பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தினார். அவன் தொடவில்லை.

"என் பெயர் என்ன?"

"அபூ ரபாஹ்."

"ரபாஹின் தகப்பன் என்று ஊர் கூப்பிடுகிறது. என் தாய் வைத்த பெயர்?"

இருபது வருஷம் அவரிடம் படித்தும் அது அவனுக்குத் தெரியவில்லை.

"ஜுஅல்," என்றார்.

தமீமுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். ஜுஅல் என்றால் சாணிவண்டு.

"சிரி, பரவாயில்லை. எனக்கு முன்னே நாலு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள்."

"அந்தப் பெயர்தான் உங்களைக் காப்பாற்றியதா?"

"எனக்கென்ன தெரியும்? சாவிடம் போய் யார் கேட்பது?"

"உங்களுக்கு வலிக்கவில்லையா, ஆசானே?"

அவர் ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டையை எடுத்துப் போட்டு, அவன் கையில் வைத்தார்.

"தெருவில் விளையாடிக்கொண்டிருப்பேன். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று கூப்பிடுவாள், ஜுஅல், ஜுஅல் என்று. பக்கத்து வீட்டுப் பையன் பொருள் சொல்லித் தருகிறவரை, அந்தச் சொல்லுக்குக் 'கண்ணே' என்றுதான் அர்த்தம் என்று நினைத்திருந்தேன்."